சன்னாசி தூங்கினாரா?

நத்தைக்குடியில் மூளைக்குப் பஞ்சமே இல்லை. இருப்பதைச் செலவழிக்க வழி தெரியாமல்தான் தலைமுறை தலைமுறையாகத் தவிக்கிறோம். நானும் அந்த ஊர்க்காரிதான்; முப்பது ஆண்டுகள் அங்கேயே பாடம் நடத்தியவள். ஆகவே ஊரின் இன்றைய நிலைக்கு என் பங்கும் உண்டு.

திருவிழாவுக்கான பொதுநெல் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. காவலுக்குச் சன்னாசி இருந்தார். இருந்தும் நெல் நாளுக்கு நாள் சற்றே குறைந்தது. களத்துக்கு எதிர்வீட்டு வெள்ளாடு சற்றே பருத்தது. சன்னாசி பகலில் தூங்குகிறார் என்று பேச்சு எழுந்தது. மெய்யானால் அவர் வேலை போய்விடும்.

ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்த உளவியல் பேராசிரியை ஒருவரிடம், ஒருவரைப் பற்றி அறிவது எப்படி என்று கேட்டோம்.

“அவரையே கேட்கலாம், தம்மைப் பற்றி நல்லதாகவே சொல்வார். பழகியவர்களைக் கேட்கலாம், தாங்கள் கண்டதை மட்டும் சொல்வார்கள். தடயங்களைப் பார்க்கலாம், அவற்றுக்கு வேறு காரணமும் இருக்கலாம். மறைந்திருந்து கவனிக்கலாம், தெரிந்துவிட்டால் அவர் மாறிவிடுவார். எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறிவிட்டார்.

ஊர்த்தலைவர் வடமலை, அவருடைய மைத்துனர் இருளப்பன், நான் ஆகிய மூவரும் களத்துக்குப் போனோம். சன்னாசி பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“தூக்கக் கலக்கத்தில் தரும் விடை செல்லாது. முதலில் அவரை நன்றாக எழுப்புங்கள்” என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். எழுப்பி, முகம் கழுவச் செய்து, நிற்கவைத்துக் கேட்டோம்.

“சன்னாசி, நீங்கள் தூங்குகிறீர்களா?”

“இல்லையே டீச்சர்!”

அவர் சொன்னது மெய். கண்கள் திறந்தே இருந்தன.

அடுத்து அவர் மனைவி பேச்சியிடம் போனோம்.

“அந்தக் கூத்த ஏன் கேக்குறீங்க? ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. இந்த மனுசன் தூங்கி நான் கண்டதே இல்ல!”

வடமலை கண் கலங்கினார். “இப்படிப்பட்ட தியாகிமேலயா சந்தேகப்பட்டோம்?”

தடயம் பார்க்க மீண்டும் களத்துக்கு வந்தோம். சன்னாசியின் கன்னத்தில் பாய்க்கோடுகள் பதிந்திருந்தன.

“மாட்டிக்கிட்டாரு!” என்றார் வடமலை.

“அவசரப்படாதீங்க மச்சான்,” என்றார் இருளப்பன். “வேற காரணமும் இருக்கலாமுன்னு அந்தம்மா சொல்லிச்சே. பாய் இவரு மேல படுத்திருந்தா?”

இது சிந்திக்கத்தக்க கருத்து என்று நானே பாராட்டினேன்.

மிச்சமிருந்தது மறைந்திருந்து கவனிப்பது. மறுநாள் மதியம் வைக்கோற்போருக்குள் புகுந்தோம். எங்கள் கண்கள் சன்னாசிக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று அவற்றின்மேலும் வைக்கோலை இழுத்து மூடிக்கொண்டோம். உள்ளே இதமான சூடு. பிறகு நடந்தது எங்களுக்குத் தெரியாது.

விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. களத்தில் ஒரு நெல்மணிகூட இல்லை. ஆடு நகர முடியாமல் படுத்திருந்தது. சன்னாசி தடியை ஓங்கியபடி எங்கள் வைக்கோற்போரையே பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

“மதியத்திலிருந்து இந்தப் போரு மூணு குரல்ல உறுமுது டீச்சர்! கண்ணை இமைக்காம இதையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். என் வேலைய மட்டும் பறிச்சிராதீங்க!”

அங்கேயே கூடிப் பேசினோம்.

“அவர் தூங்கிய நாள்களில் சிறிதளவு நெல்தான் போனது, விழித்திருந்த இன்றோ முழுவதும் போய்விட்டது. ஆகவே…” என்று நான் தொடங்கினேன்.

“முழிச்சிருக்கிறதுதான் குத்தம்!” என்று வடமலை முடித்தார். இவரும் என்னிடம் படித்தவர்தான்.

வேலை நேரத்தில் அயர்ந்து தூங்கவேண்டும், தவறினால் வேலை போய்விடும் என்று தீர்ப்பாயிற்று. விழாவுக்கு வேறு நெல் திரட்டிப் பரப்பினோம். சன்னாசி தூங்குகிறாரா என்று அவ்வப்போது எழுப்பிக் கேட்கும் பொறுப்பு என்னுடையது.

முதல் நாள் மூன்று முறை எழுப்பினேன். மூன்று முறையும் பழக்கதோஷத்தில் “இல்லையே டீச்சர்” என்றார். “இன்னும் ஒரு முறை இப்படிச் சொன்னால் வேலை இருக்காது” என்று எச்சரித்தேன்.

இப்போது திருந்திவிட்டார். தெருமுனையில் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே, பாயில் கிடந்தபடி கண்ணை இறுக மூடிக்கொண்டு, “தூங்குறேன் டீச்சர்!” என்று உரக்கக் கத்துகிறார்.

நானும் நிறைந்த மனத்தோடு திரும்பிவிடுகிறேன். அந்தச் சத்தத்தில் ஆடு மட்டும் ஒருமுறை தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, மறுபடி நெல்லில் வாய்வைக்கிறது.