மூன்று கற்களும் மொண்ணைக் கத்தியும்

பிள்ளைகளே, இது மிகப் பழைய காலத்தில் நடந்தது. அப்போது கோவேந்தன் என்று ஓர் அரசன் இருந்தான். ஒரு போரிலும் அவனுக்குக் காயம் பட்டதில்லை. பட்ட காயமெல்லாம் சவரத்தில்தான். அவ்வளவு மெல்லிய தோல்.

அரசனுக்குத் தினமும் சவரம் செய்தவர் மாசிலான் என்னும் நாவிதர். கை நடுங்காதவர். அவர் கத்தி தீட்டி வந்த கல் ஒருநாள் கீழே விழுந்து இரண்டாக உடைந்தது.

சவரக்கத்திக்கு எல்லாக் கல்லும் உதவாது. சொரசொரப்பான கல் கத்தியின் விளிம்பைப் பல் பல்லாக்கிவிடும். மிகவும் வழுவழுப்பான கல் ஒன்றுமே செய்யாது. ஆகவே நல்ல தீட்டுக்கல் கொண்டுவருபவரே இனி அரண்மனைக்குக் கல் தரலாம் என்று அமைச்சர் பறை அறைவித்தார்.

மூவர் வந்தார்கள். மலையிலிருந்து குன்றன் கறுப்புக் கல்லோடு வந்தான். ஆற்றங்கரையிலிருந்து துறையன் பச்சைக் கல்லோடு வந்தான். பட்டணத்திலிருந்து மாநிதியார் என்னும் வணிகர் பட்டுத் துணியில் சுற்றிய மஞ்சள் கல்லோடு வந்தார்.

அமைச்சர் மொண்ணையான கத்தி ஒன்றை மாசிலானிடம் கொடுத்து, ஒவ்வொரு கல்லிலும் நாற்பது முறை தீட்டச் சொன்னார். தீட்டத்தான் அவரை அழைத்தார்கள். எந்தக் கல் நல்லது என்று கேட்க அழைக்கவில்லை.

யார் முதலில் என்ற கேள்வி வந்தது. மற்ற இருவரும் முன்னால் போகட்டும் என்றும் தாம் கடைசியில் வருவதாகவும் மாநிதியார் கைகூப்பிச் சொன்னார். அமைச்சர் அவருடைய பணிவை மெச்சினார்.

மாசிலான் கத்தியைக் கறுப்புக் கல்லில் தீட்டினார். கூர்மை பார்க்கத் தொங்கவிட்ட ஒரு தலைமுடி கத்தி பட்டதும் கொஞ்சம் இழுபட்டு அறுந்தது. அதே கத்தியைப் பச்சைக் கல்லில் தீட்டினார். முடி பட்டவுடன் விழுந்தது. அதே கத்தியை மஞ்சள் கல்லில் தீட்டினார். முடி பட்டவுடன் விழுந்தது. கல் பொன்னைப்போல் இருந்ததால், இம்முறை முடி இன்னும் அழகாக விழுந்ததாக அமைச்சருக்குத் தோன்றியது.

மாநிதியாருக்குச் சால்வை கிடைத்தது. மற்ற இரு கற்களும் கிடங்குக்குப் போயின.

அதே கத்தியால் முதல் நாள் சவரம் நன்றாக நடந்தது. இரண்டாம் நாள் கத்தி இழுத்தது. மூன்றாம் நாள் அரசனின் தாடையில் இரத்தம் வந்தது.

அரசன் அமைதியாக யோசித்தான். கல் நாட்டிலேயே சிறந்த கல். அது சோதித்து அறிந்த உண்மை. அப்படியானால் குற்றம் கையில்தான்.

"மாசிலா, வெள்ளிக்கிழமைக்குள் இன்னொரு சொட்டு வந்தால் உன் கட்டைவிரலை எடுத்துவிடச் சொல்வேன்" என்றான்.

கட்டைவிரல் இல்லாத நாவிதரிடம் யாரும் கன்னத்தைக் காட்டமாட்டார்கள். மாசிலான் வீட்டுக்குப் போகவில்லை. மூன்று கற்களையும் இன்னொரு முறை சோதிக்க வேண்டும் என்று அரசனிடம் கேட்டார். இம்முறை தலைமுடி வேண்டாம், அவரவர் கல்லில் தீட்டிய கத்தியால் அவரவருக்கே சவரம் செய்துவிடலாம் என்றும் சொன்னார். வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்ததால் அரசன் சம்மதித்தான்.

மூவரும் மறுபடி வந்தார்கள். மாநிதியார் மறுபடி கைகூப்பி, கடைசியில் வருவதாகச் சொன்னார்.

"தாராளமாக வாருங்கள், ஐயா" என்றார் மாசிலான்.

பிறகு ஒரு மண்பானையைக் கவிழ்த்து, அதன் அடியில் கத்தியின் விளிம்பைச் செங்குத்தாக நிறுத்தி மூன்று முறை அழுத்தித் தேய்த்தார். கத்தி அகப்பைபோல் மொண்ணையானது. அதைக் கறுப்புக் கல்லில் நாற்பது முறை தீட்டிக் குன்றனுக்குச் சவரம் செய்தார். குன்றன் ஒருமுறை முகம் சுளித்தான். ஆனாலும் கன்னம் சுத்தமானது.

மறுபடி பானை, மூன்று முறை. பச்சைக் கல், நாற்பது முறை. துறையன் மூன்று முறை முகம் சுளித்தான். மெதுவாகத்தான், ஆனாலும் கன்னம் சுத்தமானது.

மறுபடி பானையை எடுத்தபோது மாநிதியார் எழுந்து நின்றார். "என்னப்பா இது? நன்றாக இருக்கிற கத்தியை ஏன் கெடுக்கிறாய்?"

"குன்றன் மொண்ணைக் கத்தியில் தொடங்கினான். துறையனும் அப்படித்தான். உங்களுக்கு மட்டும் அவர்கள் தீட்டிய கத்தியைக் கொடுத்தால், நான் சோதிப்பது உங்கள் கல்லை அல்ல, ஐயா. அவர்கள் கல்லை."

மாநிதியார் உட்கார்ந்தார். மாசிலான் கத்தியைப் பானையில் தேய்த்து, மஞ்சள் கல்லில் நாற்பது முறை பொறுமையாகத் தீட்டினார். கன்னத்தில் வைத்து இழுத்தார். முடி இருந்த இடத்திலேயே இருந்தது. மாநிதியாரின் கண்களில் நீர் வந்தது. மறுபடி இழுத்தார். முடி அப்போதும் அங்கேயே இருந்தது. மூன்றாம் முறைக்கு மாநிதியார் காத்திருக்கவில்லை.

"எனக்கு எப்போதுமே தாடி வளர்க்க ஆசை" என்று சொல்லிவிட்டு, சால்வையைக் கழற்றி வைத்துப் போய்விட்டார்.

அரசன் அமைச்சரைப் பார்த்தான். அமைச்சர் பானையைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை மாசிலான், முதல் சோதனையில் நடந்ததுபோலவே, கத்தியை முதலில் கறுப்புக் கல்லிலும் பிறகு பச்சைக் கல்லிலும் தீட்டினார். அரசன் கழுத்தை நீட்டி உட்கார்ந்தான். பாதிச் சவரத்தில் தூங்கிப்போனான்.

ஆகவே பிள்ளைகளே, ஒருவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று மெச்சுவதற்கு முன், அவர் எங்கிருந்து தொடங்கினார் என்று பார்க்க வேண்டும்.