சிங்கத்தின் வலது தோள்

ஒரு காட்டில் சிங்கத்துக்கு வலது தோள் வலித்தது. ராஜாவின் தோள் என்பதால் அன்று அந்தக் காட்டில் யாரும் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

வைத்தியர் கரடி வந்து பிடரி மயிரை விலக்கிப் பார்த்தது. காயம் இல்லை, வீக்கம் இல்லை. அழுத்திப் பார்த்தபோது வலி கூடவும் இல்லை. இதை அப்படியே சொன்னால் வைத்தியர் என்ற பெயர் போய்விடும் என்று, முள் ஆழமாக இறங்கியிருப்பதாகக் கரடி சொன்னது.

"முள் என்றால் யாருடைய முள்?" என்று கேட்டது மந்திரி நரி.

காட்டில் இலந்தை இருந்தது, கருவேலம் இருந்தது. ஆனால் மரத்தைச் சபைக்கு இழுத்து வர முடியாது. ஆகவே முள்ளம்பன்றியை இழுத்து வந்தார்கள்.

முள்ளம்பன்றி கூச்ச சுபாவம் உள்ளது. தானுண்டு தன் கிழங்குண்டு என்று இருக்கும். எதிரே யார் வந்தாலும் வழிவிட்டு ஒதுங்கும். ராஜாவின் தோளை அது அருகில் பார்த்ததே அன்றுதான். அதைச் சொல்லவும் செய்தது. மூன்று நாளுக்குள் முள்ளை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் முள்ளம்பன்றியின் தோலை உரிப்பது என்று தீர்ப்பானது. முள்ளை எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று ராஜாவின் குகை வாசலிலேயே இடம் கொடுத்தார்கள்.

முதல் நாள் மதியம் நரி ஒரு காட்டுப்பன்றியின் கொழுத்த விலாவைக் கொண்டுவந்தது. சிங்கம் தின்றது, மீசையை நக்கிக்கொண்டது, கண்ணயர்ந்தது. வெயில் தாழும் நேரத்தில் எழுந்து, தோள், தோள் என்று உறுமியது. இரண்டாம் நாள் வேட்டை எதுவும் அகப்படவில்லை. அன்று வலியும் வரவில்லை. எல்லாம் கரடி போட்ட பச்சிலைப் பற்றின் மகிமை என்று பேசிக்கொண்டார்கள்.

வாய் தின்றால் தோளுக்கு ஏன் வலிக்க வேண்டும்? முள்ளம்பன்றிக்குப் புரியவில்லை. தண்ணீர் குடிக்கப் போகும் சாக்கில், ஓடைக்கரைப் பட்டமரத்தில் இருக்கும் பிணந்தின்னிக் கழுகிடம் போய்க் கேட்டது. அந்தக் காட்டில் எல்லோருடைய உள்ளேயும் பார்த்திருப்பது அது ஒன்றுதான்.

"ஈரலுக்கு அடியில் பித்தப்பை என்று ஒன்று தொங்கும். கொழுப்பு தின்றால் அது இறுகும். உள்ளே கல் இருந்தால் அப்போது கத்தும்" என்றது கழுகு.

"அப்படியானால் வயிறு அல்லவா வலிக்க வேண்டும், அக்கா?"

"தோளிலிருந்து ஒரு வெள்ளை நரம்பு போகிறது. ஈரல் பக்கத்திலிருந்தும் ஒன்று போகிறது. இரண்டும் கழுத்துக்குக் கிட்டே, முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன. அங்கிருந்து தலைக்கு ஒரே வழிதான். யாரோ கத்துகிறார்கள் என்பது மட்டும் மேலே போய்ச் சேரும். கத்தியது யார் என்று சேராது. தோள் தினமும் கத்துகிற ஆள். முள் குத்தினால் கத்தும், ஈ கடித்தால் கத்தும். பித்தப்பையோ பிறந்ததிலிருந்து வாய் திறந்ததில்லை. தலை என்ன நினைக்கும்? வழக்கம்போலத் தோள்தான் என்று நினைத்துக்கொள்ளும்."

முள்ளம்பன்றிக்கு உயிர் வந்தது. இதையே சபையில் வந்து சொல்ல வேண்டும் என்று கெஞ்சியது.

கழுகு இறக்கையைக் கோதிக்கொண்டது. "சிங்கத்தின் வயிற்றுக்குள் என்ன இருக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. ராஜாவின் அப்பாவைத் தின்றேன், அதனால் தெரியும் என்று சொல்லட்டுமா?"

மூன்றாம் நாள் முள்ளம்பன்றி தனியாகவே சபைக்குப் போனது. நோய் தோளில் இல்லை, உள்ளே இருக்கிறது என்று சொல்லி முடித்தது.

"என் தோள் எனக்குத் தெரியாதா?" என்றது சிங்கம்.

"மகாராஜாவுக்குத் தன் வலி எங்கே என்றே தெரியவில்லை என்கிறான். அதோடு, மகாராஜாவின் உள்ளே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்றும் சொல்கிறான். முள்ளாவது வெளியிலிருந்து வந்தது" என்றது நரி.

தோல் உரிப்பதற்காகச் செந்நாய்கள் இரண்டு எழுந்து வந்தன. முள்ளம்பன்றி அவற்றின் பற்களைப் பார்த்தது. பிறகு தன் முதுகைத் திரும்பிப் பார்த்தது.

"முள் என்னுடையதுதான்" என்றது.

சபையில் எல்லோருக்கும் மூச்சு சீரானது.

தெரியாமல் சிலிர்த்துவிட்டதாகவும், முள் தோளில் ஏறி இப்போது ஈரல் பக்கம் இறங்கிவிட்டதாகவும் முள்ளம்பன்றி சொன்னது. வெட்டி எடுக்க முடியாது, கரைக்கத்தான் முடியும். அதற்கு நாற்பது நாள் பத்தியம் இருக்க வேண்டும். கொழுப்பு கூடவே கூடாது. முயல் கறி மட்டும், அதுவும் அரை வயிறு. இது தனக்கும் தெரிந்த வைத்தியம்தான் என்று கரடி தலையாட்டியது. பன்றி விலாவில் மிச்சம் தின்று பழகிய நரிதான் முகத்தைச் சுளித்தது. ஆனால் குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகு மந்திரி என்ன பேசுவது?

நாற்பது நாளில் சிங்கம் இளைத்தது. வலி ஒரு நாளும் வரவில்லை. நாற்பத்தோராம் நாள் காலையில் சிங்கம் ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குத் தாவிக் காட்டியது. முள்ளம்பன்றி விடைபெற வந்து நின்றது.

"முள்ளுக்கு என்று சொன்ன பத்தியம் பலித்துவிட்டது. ஆகவே முள் இருந்திருக்கிறது" என்றது நரி. "இதுவரை இவன் வாய்ச்சொல் மட்டும்தான் இருந்தது, மகாராஜா. இன்று சாட்சியும் கிடைத்துவிட்டது."

சிங்கம் யோசித்தது. அதன் முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது. "என் வலியைத் தீர்த்தாய். அதற்காக உன்னை உயிரோடு விடுகிறேன். ஆனால் ராஜா மேல் முள் எறிந்தவன் இந்தக் காட்டில் இருந்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விடு" என்றது.

முள் இல்லவே இல்லை என்று சொல்ல முள்ளம்பன்றி வாயைத் திறந்தது. அப்படிச் சொன்னால் ராஜாவிடம் பொய் சொன்ன குற்றம் வரும் என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டது.

அது காட்டு எல்லையை நோக்கி நடக்கும்போது, பின்னால் ராஜாவின் தோள் குணமானதற்கு விருந்து தொடங்கியிருந்தது. நரி நாற்பது நாள் ஆசையைச் சேர்த்துவைத்து, இரண்டு காட்டுப்பன்றிகளை ஏற்பாடு செய்திருந்தது. கொழுப்பின் வாசனை எல்லைவரை வந்தது.

முள்ளம்பன்றி நின்று சூரியனைப் பார்த்தது. மதியம்தான் ஆகியிருந்தது. வெயில் தாழ்வதற்குள் ஆற்றைக் கடந்துவிட வேண்டும் என்று நடையை எட்டிப் போட்டது.

நீதி: வலி தெரிகிற இடத்தில்தான் நோய் இருக்கும் என்பதில்லை, பழி விழுகிற இடத்தில்தான் குற்றம் இருக்கும் என்பதும் இல்லை.