கீழே போட ஓர் இடம்

எபநேசர் குடியாத்தத்தில் ஒரு உடற்பயிற்சிக் கூடம் திறக்க இருந்தார். பழைய தீப்பெட்டிக் கிடங்கு ஒன்று வாடகைக்குக் கிடைத்திருந்தது. நாற்பது அடி நீளம், இருபத்திரண்டு அடி அகலம். திங்கட்கிழமை டைல்ஸ் ஒட்ட ஆள் வருகிறார். அதற்கு முன் வரைபடத்தைத் தம் மாஸ்டரிடம் காட்டிவிட வேண்டுமென்று சனிக்கிழமை காலை வேலூருக்கு பஸ் ஏறினார்.

மாஸ்டர் திலகவதி பளுதூக்கும் பயிற்சி தருபவர். எபநேசரைவிட நான்கு வயது சிறியவர்.

"நீங்க சரின்னு சொன்னா, திறப்பு விழாவுக்கு நீங்கதான் ரிப்பன் வெட்டணும் மாஸ்டர்."

"சரியில்லேன்னா?"

"அப்பவும் நீங்கதான். கத்திரிக்கோல் வாங்கியாச்சு."

மாஸ்டர் சிரித்துக்கொண்டே தாளை விரித்தார். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"பதினாலு மிஷின்."

"பதினாறு வச்சிருந்தேன். நடக்க வழியில்லைன்னு ரெண்டை எடுத்துட்டேன்."

"நடுவுல இந்த எட்டுக்கு ஆறு?"

"அதுதான் பளு தூக்குற இடம். பன்னெண்டு பேர் சேரறேன்னு சொல்லியிருக்காங்க. முதல் பேரு நம்ம ஜெமிமா."

ஜெமிமா அவருடைய மகள். வயது பதின்மூன்று.

மாஸ்டர் டேப்பும் சாக்பீஸும் எடுத்து வந்தார். தம் பயிற்சிக் கூடத்துச் சிமெண்டுத் தரையில், படத்தில் இருந்தபடியே, எட்டுக்கு ஆறு கட்டம் போட்டார். பின்னால் இரண்டு அடி தள்ளி ஒரு கோடு. அது கண்ணாடி. முன்னால் மூன்று அடி தள்ளி இரண்டு கட்டங்கள். அவை ட்ரெட்மில். இடப்பக்கம் டம்பெல் ஸ்டாண்டு.

"உள்ள நில்லுங்க."

எபநேசர் நின்றார். மாஸ்டர் அவர் கையில் வெறும் ராடைக் கொடுத்தார். இருபது கிலோ.

"தலைக்கு மேல தூக்குங்க."

தூக்கினார்.

"இப்ப முடியலேன்னு வச்சுக்குங்க. போடுங்க."

எபநேசர் முன்னால் பார்த்தார். திரும்பிப் பின்னால் பார்த்தார்.

"முன்னாடி ட்ரெட்மில் மாஸ்டர்."

"ம்."

"பின்னாடி கண்ணாடி."

"ம்."

மாஸ்டர் பிளாஸ்கைத் திறந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றினார்.

"டீ ஆறுது, எபநேசர்."

"எங்க போடறது மாஸ்டர்?"

"என்னைக் கேட்டா? படம் நீங்க வரைஞ்சது."

எழுபது எண்ணும் நேரம் ஆனது. ராடு வலப்பக்கம் இறங்கத் தொடங்கியது. எபநேசரின் வலது மணிக்கட்டு ஒருமுறை உடைந்து சேர்ந்தது. மாஸ்டர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். இரண்டு கையாலும் ராடை வாங்கி, ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

இருவரும் டீ குடித்தார்கள்.

"கை உடைஞ்சு ஏழு வருஷம் இருக்குமா?"

"வர்ற ஜனவரி வந்தா எட்டு மாஸ்டர்."

"அந்தப் போட்டியில, மூணாவது தடவை தூக்கினப்ப, ராடு பின்னாடி சாயறது உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"விட்டுடுங்கன்னு கத்தினேன்."

"கேட்டுச்சு மாஸ்டர்."

"பதிமூணுக்குப் பதிமூணு அடி மேடை. சுத்தி ஒரு பொருள் கிடையாது. ஏன் விடல?"

இதை மாஸ்டர் இத்தனை வருடங்களில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எபநேசர் டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் ஒரு சின்ன ஜிம்முல தூக்கினேன். கீழ போட்டா, நாளைக்கு வராதேன்னு சொல்லிடுவாங்க. மேடையில இடம் இருந்துச்சு மாஸ்டர். கைக்குத் தெரியல."

மாஸ்டர் தலையசைத்தார். தாளை மறுபடியும் எடுத்தார். கண்ணாடிக்கு மேலே சிறிய சதுரம் ஒன்று வரைந்திருந்தது.

"இது என்ன?"

"போர்டு மாஸ்டர். எழுதக் கொடுத்துட்டேன்."

"என்னன்னு?"

எபநேசர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"'எடையைக் கீழே போடாதீர்கள்'னு. டைல்ஸ் புதுசு, அதான்…"

எபநேசர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். அந்தச் சதுரத்தை அடித்தார். பிறகு ஒரு ட்ரெட்மில்லை அடித்தார். பென்சில் அடுத்த ட்ரெட்மில்லின் மேல் நின்றது.

"மிஷினை எண்ணிப் பாத்துட்டுத்தான் ஊர்ல ஜிம்முக்கே சேருவாங்க மாஸ்டர். எத்தனையை எடுத்தா சரியா இருக்கும்?"

மாஸ்டர் தாளை நான்காக மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"நாளைக்கு கிடங்குல இதே மாதிரி கோடு போடுங்க. ஜெமிமாவை நடுவுல நிறுத்தி, ராடைத் தூக்கிட்டுப் போடச் சொல்லுங்க. போடறதுக்கு முன்னாடி, போடலாமான்னு அவ உங்க முகத்தைப் பாத்தாள்னா, இன்னும் ஒரு மிஷினை எடுங்க."