கயிறு பிடிக்கிறவள்

“மேஸ்திரி, என் பயத்தை வெட்டி எடுத்துடுங்க.”

சலேத்மேரி இப்படிக் கேட்டபோது குணமணி மேஸ்திரி ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“எந்தக் கிளைன்னு காட்டு. வெட்டுறேன்.”

சலேத்மேரி தன்னைத்தானே ஒருமுறை குனிந்து பார்த்தாள். வீட்டுக்குப் போய்விட்டாள்.

குணமணியிடம் ஒரு பழைய குட்டி யானை வண்டி இருந்தது. அதன் பக்கவாட்டில் ‘நிழல் மரப் பராமரிப்பு’ என்று எழுதியிருக்கும். போனில் யாராவது, “மரம் வெட்டுறவங்களா?” என்றால், “இல்லீங்க. எதை வெட்டக் கூடாதுன்னு பாக்குறவங்க” என்பாள்.

ஏறுவதற்கு அவளும் சலேத்மேரியும். கீழே கயிறு பிடிக்கச் சவரிமுத்து. அவ்வளவுதான் கம்பெனி.

இரண்டு பெண்களுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் தொழிலில் அவள் மேஸ்திரி, இவள் சிஷ்யை.

பிள்ளை பெறுவதற்கு முன்பு சலேத்மேரி அணில். “போதும், இறங்குடி” என்று மேஸ்திரியே கத்த வேண்டியிருக்கும். இப்போது அடிமரத்தில் கால் வைத்ததுமே இறங்கிவிடுகிறாள்.

மறுநாள் வந்தாள்.

“யோசிச்சுப் பாத்தேன் மேஸ்திரி. பாப்பாவை என் கையில குடுத்தாங்கள்ல, அன்னிக்கு முளைச்சது.”

“ம்.”

“அவ தூங்கினா மூக்குக்குக் கீழ விரல் வச்சுப் பாக்குறேன். மூச்சு வருது. விரலை எடுத்த உடனே சந்தேகம். திரும்ப வைக்கிறேன். ஃபேன் சுத்தினா பயம், நின்னா பயம். ஜெபமாலையைப் பாதியில விட்டுட்டுப் போயி தொட்டில் கொக்கியை ஆட்டிப் பாக்குறேன்.”

“மரத்துல ஏறினா?”

“அவளுக்கு அம்மா இல்லாமப் போயிடுமோன்னு இருக்கு. இது போகலைன்னா நான் வேலையை விட்டுடுறேன். எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான். இருந்தாலும் விட்டுடுறேன்.”

மேஸ்திரி அரத்தைக் கீழே வைத்தாள்.

“அந்தக் கிளை காய்ஞ்சதா, பச்சையா?”

இந்தத் தடவை சலேத்மேரி உடனே சொன்னாள்.

“பச்சை. நாளுக்கு நாள் வளருது.”

“பச்சைக் கிளையில நான் சும்மா ரம்பம் வைக்க மாட்டேன். வண்டியில ஏறு.”

*

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் கிளை ஒவ்வொன்றும் தனி மரம் அளவு இருக்கும். டோக்கன் வாங்கியவர்கள், வாங்காதவர்கள், டிஸ்சார்ஜ் ஆகியும் போக மனமில்லாதவர்கள் எல்லாரும் அதன் அடியில்தான்.

பொறுப்பு சிஸ்டர் கறாராகச் சொன்னார்: “மழைக்கு முந்தி காய்ஞ்சதை எடுத்துடுங்க. நிழல் குறைஞ்சா சம்பளம் குறையும்.”

ஜனங்களை ஓரமாக அனுப்பிவிட்டு, சவரிமுத்து உயரத்துக் கவட்டையில் கயிற்றை வீசிப் போட்டார். ஒரு முனை மேஸ்திரியின் இடுப்புப் பட்டையில். மறுமுனையை அடிமரத்தில் சுற்றிப் பிடிக்க வேண்டும். மேலே இருப்பவர் தவறினாலும் கயிறு தாங்கும். பிடிக்கிறவர் பிடித்தால்.

மேஸ்திரி அந்த மறுமுனையை அவரிடமிருந்து வாங்கி சலேத்மேரியின் கையில் கொடுத்தாள்.

சவரிமுத்து வெற்றிலையைத் துப்பினார்.

“கை நடுங்குறவ கையிலயா? மேஸ்திரி, இன்சூரன்ஸ் கட்டியாச்சா?”

“அண்ணே, கயிறு பிடிக்கையில நீங்க எங்க பாப்பீங்க?”

“எங்க பாக்குறது? எத்தனை வருசப் பழக்கம்! தூங்கிட்டே பிடிப்பேன்.”

“மரமும் தூங்குமூஞ்சி, ஆளும் தூங்குமூஞ்சியா?”

சலேத்மேரிக்குச் சிரிப்பு வரவில்லை.

“வேண்டாம் மேஸ்திரி. நான் உங்களைக் கொன்னுடுவேன்.”

மேஸ்திரி அதற்குள் ஏறத் தொடங்கியிருந்தாள்.

*

சலேத்மேரி எத்தனையோ மரம் ஏறியவள். ஆனால் ஒரு மரத்தைக் கீழே நின்று இப்படிப் பார்த்ததில்லை.

அடுக்குமேல் அடுக்காக இலை. அதற்கும் மேலே இலை. எங்கோ ஓர் இடத்தில் வானம் ஒரு பொட்டு. அதற்குள் மேஸ்திரி சின்னதாகி, இன்னும் சின்னதாகி, ஒரு பறவை அளவு ஆனாள்.

மேஸ்திரி ஏற ஏற சலேத்மேரி கயிற்றின் தொய்வை இழுத்துக்கொண்டே இருந்தாள். கை நடுங்கியது. கண் மட்டும் நகரவில்லை.

எந்தக் கிளை மேஸ்திரியின் எடையைச் சட்டென்று வாங்கிக்கொண்டது, எந்தக் கிளை கொஞ்சம் யோசித்தது என்றுகூட அவளுக்குத் தெரிந்தது.

மேஸ்திரி ஒரு பெரிய கிளையில் எழுந்து நின்றாள். இரண்டு அடி வைத்தாள்.

அந்தக் கிளை தாய்மரத்தோடு சேரும் இடத்திலிருந்து கொஞ்சம் தூள் உதிர்ந்தது. சலித்த மாவு போல. வெயிலில் ஒரு நொடி மின்னி மறைந்தது.

சலேத்மேரி என்ன செய்தாள் என்று அவளுக்கே தெரியாது.

கயிறு விறைத்தது.

பிறகுதான் கிளை முறிந்தது.

சத்தத்தில் ஆஸ்பத்திரி ஜன்னல்கள் அதிர்ந்தன. காக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. புழுதி அடங்கியபோது மேஸ்திரி அந்தரத்தில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தாள். கயிறு ஒரு சாண்கூட இறங்கவில்லை.

“மாதாவே!” என்றார் சவரிமுத்து. பிறகு, தனக்குத்தானே: “முறியறதுக்கு முன்னாடி இழுத்துட்டாளேய்யா...”

மேஸ்திரி ஆடியபடியே காலை நீட்டி, பக்கத்துக் கிளையைத் தொட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.

“சலேத்து!”

“மேஸ்திரி!”

“பயம் போயிடுச்சா?”

கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. கயிறு நடுங்கவில்லை.

“இல்ல மேஸ்திரி. இருக்கு.”

“அப்பச் சரி. கயிறைக் கொஞ்சங் கொஞ்சமா விட்டுக் குடு. இந்தக் கிளையில நுனி வரைக்கும் போறேன்.”