நாற்பத்தோரு விலாசங்கள்

"அழிச்சிட்டேன்மா. குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன். அப்புறமும் ஏன் மனசு கேக்க மாட்டேங்குது?"

கேட்டவர் மரியதாஸ். புருஷன் அடி தாங்காமல் ஓடிவந்த பெண்களுக்கு மதுரையில் விடுதி நடத்துகிறவர். அவருடைய கணினியில் நாற்பத்தோரு பெண்களின் பெயரும், இப்போது எங்கே ஒளிந்து வாழ்கிறார்கள் என்ற விலாசமும் இருந்தன. திங்கட்கிழமை அந்தக் கணினி, விடுதியின் பழைய சாமான்களோடு ஏலத்துக்குப் போகிறது. ஒருத்தியின் புருஷன் அரிவாளோடு இரண்டு தடவை வாசலுக்கு வந்துபோயிருந்தான்.

கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் செல்வநாயகிக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் இந்த விஷயத்தில் அவள்தான் குரு. பேச்சில் படு கஞ்சம்.

அவள் பத்து நிமிடம் எதையோ தட்டினாள். பிறகு, மீட்ட கோப்பைத் தான் திறக்காமல், திரையை அவர் பக்கம் திருப்பிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அவர் திறந்து பார்த்தால், நாற்பத்தோரு பேரும் குத்துக்கல்லாட்டம் அப்படியே இருந்தார்கள். 

"அழிச்சேனே!"

"வாசல்ல இருந்த பேர்ப்பலகையைக் கழட்டுனீங்க. வீட்டுக்குள்ள ஆள் இருக்கு."

அவர் விடவில்லை. கணினியின் வட்டை மொத்தமாக ஃபார்மட் செய்தார். அவள் மறுபடியும் மீட்டுக் கொடுத்தாள்.

"சுத்தியல் எடுத்து உடைச்சிரவா?"

"உடைச்ச பெட்டியை ஏலத்துல எவன் எடுப்பான்?"

"அப்ப என்னதான் செய்ய?"

"அது மேலயே எழுதுங்க."

"என்ன எழுத?"

"பூஜ்யம். ஓரஞ்சாரம் விடாம."

அதற்கான நிரலை அவரே ஓட்டினார். ஐந்து மணி நேரம். டீ வந்தது, ஆறியது, ஆடை கட்டியது. மனிதர் நகரவில்லை. முடிந்தது என்று திரை சொன்னபோதும் அவர் அதை நம்பவில்லை.

"நெசமாவே போயிருச்சான்னு பாக்காம நான் வீட்டுக்குப் போறதா இல்லம்மா."

செல்வநாயகி விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"வட்டு முழுக்கத் தேடிப் பாத்துருவோம். பட்டியல்ல இருந்து ஒரு பேர் சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். முதல் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவளைப் பார்த்தார். நல்ல பெண். யாரிடமும் சொல்லமாட்டாள். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

வாயை மூடிக்கொண்டார்.



"நீங்க எந்திரிங்கம்மா," என்றார் மரியதாஸ். "நான் தட்டிக்கிறேன். கொஞ்சம் வெளிய நில்லுங்க."

செல்வநாயகி உடனே எழுந்தாள். நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"கதவை உள்ள தாழ் போட்டுக்கங்க, சார்."