நேரம் தவறிய முறையீடு

காட்டுக்கு நடுவே இருந்த பெரிய ஏரியில், ஆடிக் காற்று வீசத் தொடங்கியதும் விலங்குகளுக்குள் பட்டச்சவாரிப் பந்தயம் நடக்கும். தேக்கிலைகளைத் தைத்துப் பட்டம் செய்வார்கள். கற்றாழை நாரைத் திரித்துக் கயிறு கட்டுவார்கள். கமுகம்பாளையின் மேல் நின்று கயிற்றைப் பிடித்தால் போதும், காற்று இழுத்துக்கொண்டு போகும். தண்ணீர் இருபுறமும் சீறும்!

அது வெறும் விளையாட்டு இல்லை. ஐப்பசி மழையில் ஏரி பொங்கிக் கரையோரத்து வளைகளை எல்லாம் மூழ்கடித்துவிடும். நனையாமல் நிற்பது ஏரிக்குள் இருந்த மேடு ஒன்றுதான். அதில் எல்லோருக்கும் இடம் போதாது. பந்தயத்தில் வென்றவருக்கே அந்த வருடம் மேடு.

செம்பி என்ற கீரிக்கு அந்த மேடு வேண்டியிருந்தது. அதன் வளையில் சின்னஞ்சிறு குட்டிகள் இரண்டு கிடந்தன.

பந்தய நாளன்று நடுவர் நாரை கரையில் நின்று விதிகளைச் சொன்னது.

"இரண்டு பட்டங்கள் நெருங்கினால், காற்று வரும் பக்கம் இருப்பவர் தன் பட்டத்தை உயர்த்த வேண்டும். மறுபக்கம் இருப்பவர் தாழ்த்த வேண்டும். அப்போதுதான் கயிறுகள் சிக்காது. யாராவது விதியை மீறினால், பாதிக்கப்பட்டவர் அந்த நொடியே 'முறையீடு!' என்று கூவ வேண்டும். தாமதமாகக் கூவினால் விசாரணை கிடையாது!"

நாரை நேர்மையானது. யாரிடமும் ஒரு மீன்கூட வாங்கியதில்லை. அதில் அதற்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பந்தயம் தொடங்கியது. செம்பி முன்னால் பறந்தது. அதன் பின்னால் மரநாய். அதற்கும் பின்னால் முயல். கடைசித் திருப்பத்தில் மரநாய் செம்பியை நெருங்கியது. காற்று வரும் பக்கம் இருந்த செம்பி, விதிப்படி பட்டத்தை உயர்த்தியது.

"தாழ்த்து! உன் பட்டத்தைத் தாழ்த்து!" என்று கத்தியது.

மரநாய் பல்லைக் காட்டிச் சிரித்தது. தாழ்த்த வேண்டிய பட்டத்தைச் சட்டென்று மேலே இழுத்தது. அது செம்பியின் பட்டத்தில் மோதிக் கிழித்துவிட்டு நழுவிப் போனது. செம்பியின் பட்டம் சுழன்று விழுந்தது. விழுந்த கயிறு, பின்னால் வந்த முயலின் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

"காப்பாற்..." என்றது முயல். அதற்குள் தண்ணீர் அதை மூடிவிட்டது.

செம்பி யோசிக்கவே இல்லை. தண்ணீருக்குள் பாய்ந்தது. கயிற்றைக் கடித்து அறுத்தது. முயலின் காதைக் கவ்விக்கொண்டு மூச்சு முட்ட முட்ட நீந்தியது. கரையில் முயலைப் போட்டபோது, மரநாய் வெற்றிக் கம்பத்தைத் தொட்டு ஆடிக்கொண்டிருந்தது.

"முறையீடு!" என்று கூவியது செம்பி.

விசாரணைக்கு நாரையும் துணை நடுவரான ஆமையும் உட்கார்ந்தன.

"நீ எப்போது கூவினாய்?" என்று கேட்டது நாரை.

"கரை ஏறியதும், ஐயா."

"அந்த நொடியே கூவ வேண்டும் என்று சொன்னேனே?"

"வாயில் முயலின் காது இருந்ததே, ஐயா!"

"விட்டுவிட்டுக் கூவியிருக்கலாம்."

"விட்டிருந்தால் முயல் செத்திருக்கும்!"

"அது மீட்பு. இது முறையீடு. இரண்டும் வேறு வேறு" என்றது நாரை.

ஆமைக்கு மனம் கேட்கவில்லை. "முயலையாவது ஒரு வார்த்தை கேட்போமே. மரநாய் பட்டத்தை உயர்த்தியதைப் பார்த்தேன் என்று சொன்னால், மறுபடி யோசிக்கலாம்" என்றது.

முயலை அழைத்தார்கள். ஆனால் அதற்கு முன்பே மரநாய் அதன் காதில் கிசுகிசுத்திருந்தது: "மேட்டில் ஒரு ஓரம் காலியாகத்தான் இருக்கும். உன் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வரலாம். வாயை மட்டும் திறக்காதே!"

முயல் செம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. "கண்ணில் தண்ணீர் போய்விட்டது. நான் எதையும் பார்க்கவில்லை" என்றது.

"முறையீடு தள்ளுபடி. மேடு மரநாய்க்கே!" என்றது நாரை. செம்பிக்கு முயலைக் கடித்துக் குதற வேண்டும்போல் இருந்தது. ஆனால் முயலின் பின்னால் அதன் குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. அவற்றைப் பார்த்ததும் அந்தக் கோபமும் வடிந்துவிட்டது. பிடித்துக்கொள்ள அந்தக் கோபம்கூட இல்லாமல் செம்பி வளைக்குத் திரும்பியது.

ஐப்பசி வந்தது. மழை கொட்டியது. ஒரு விடியற்காலையில் வளைக்குள் வெள்ளம் புகுந்தது. செம்பி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு மரத்தில் ஏறியது. அதைக் கிளைப் பொந்தில் வைத்துவிட்டு இறங்கி ஓடிவந்தது. வளை இருந்த இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது.

மழை விட்டதும் மேட்டில் மரநாய் வெயில் காய்ந்தது. முயலும் அதன் குட்டிகளும் ஓரத்தில் நனையாமல் உட்கார்ந்திருந்தன.

நடந்ததைக் காடு முழுவதும் பார்த்தது. எல்லோரும் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் கற்றது நல்ல பாடம் இல்லை.

மறுவருடப் பந்தயத்தில் செம்பி கலந்துகொள்ளவில்லை. மிஞ்சிய குட்டியோடு கரையில் நின்று பார்த்தது. நடு ஏரியில் பட்டங்கள் மோதின. கயிறுகள் சிக்கின. ஒரு முள்ளெலி பாளையிலிருந்து தூக்கி எறியப்பட்டது.

"முறையீடு!" என்று கூவியது அணில்.

"முறையீடு!" என்று கூவியது மரநாய்.

"முறையீடு! முறையீடு!" என்று எல்லோரும் கூவினார்கள். எல்லா வாய்களும் கூவுவதற்காகவே திறந்திருந்தன. முள்ளெலியின் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

"போன வருடம்போல் இல்லை. எல்லோரும் நேரத்துக்குக் கூவிவிட்டார்கள்!" என்று நாரை திருப்தியோடு தலையாட்டியது.

செம்பி குட்டியைக் கரையில் விட்டுவிட்டுத் தண்ணீரில் பாய்ந்தது. தூரம் அதிகம். அது போய்ச் சேர்ந்தபோது பாளை மட்டும் மிதந்துகொண்டிருந்தது. முங்கி முங்கித் தேடியது. கால் ஓய்ந்தபின் வெறும் வாயோடு கரைக்குத் திரும்பியது.

ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது. நாரை அடுத்த விசாரணையைத் தொடங்கியது.

நல்லது செய்தவரை விதியின் பெயரால் தண்டிக்கிற இடத்தில், விதி மட்டும்தான் பிழைத்திருக்கும். மூழ்குகிறவருக்குக் கை கொடுக்க யாரும் வரமாட்டார்கள்.