வாழையிலைக்குப் போட்ட ஓட்டுத் தையல்

அந்தக் காலத்தில் இலைகளுக்கு ஓரம் கிடையாது. மரங்கள் பேசும், பிடிக்காவிட்டால் இடம் மாறியும் நிற்கும். ஆனால் வெட்டிப்போட்ட துணி போல இலையின் விளிம்பு பிசிறாக இருக்கும். காற்றடித்தால் அங்கிருந்துதான் கிழியும்.

ஒரு மழை நாளில் பொழுது போகாமல் தையல்சிட்டு ஒரு பூவரசிலையை மடித்துப் பார்த்தது. குறுகலாக ஒரு மடிப்பு. பிசிறு உள்ளே மறையும்படி அதன்மேல் இன்னொரு மடிப்பு. மடிப்பு நகராமல் இருக்க நீளநீளமாக ஓட்டுத் தையல் போட்டது. பிறகு அடிப்பக்கத்திலிருந்து அலகால் குத்தி, நெருக்கமாகத் தைத்து, கடைசியில் ஓட்டு நூலை உருவி எடுத்தது. மேலே பார்த்தால் தையலே தெரியவில்லை. அன்று சிட்டுக்குப் பசிகூடத் தெரியவில்லை.

அரசிலைக்கு நுனியில் வால் விட்டது. வேப்பிலைக்குப் பல் பல்லாக மடித்தது. யாரும் கேட்காமலே செய்தது.

பிறகு எல்லோரும் கேட்கத் தொடங்கினார்கள். "சின்ன இலைதானே சிட்டு, உனக்கு ஒரு நொடி வேலை" என்றது புளியமரம். சின்ன இலைதான்; எத்தனை என்று அது சொல்லவில்லை. புளியமரத்தை முடித்து இறங்கியபோது, நூலைப் பார்த்தாலே சிட்டுக்கு எரிச்சல் வந்தது. அடுத்த இலையை எப்படி மடிக்கலாம் என்று யோசித்தால் ஒன்றும் தோன்றவில்லை. கொஞ்ச நாள் சும்மா இருந்தால்தான் என்ன, ஊருக்கெல்லாம் நீதான் தையற்காரியா என்று அதன் ஜோடியான ஆண் சிட்டு கேலியாகவும் கேட்டுப் பார்த்தது, கோபமாகவும் கேட்டுப் பார்த்தது. வந்தவர்களிடம் முடியாது என்று சொல்ல சிட்டுக்குக் கூச்சம்.

வாழை மட்டும் கேட்கவில்லை. காற்றுக்குப் பயந்து ஆலமரத்துக்குப் பின்னால் ஒதுங்கியே நின்றது. களைத்து வரும் சிட்டு அதன் மட்டையில் தேங்கிய தண்ணீரைக் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஆனால் வெயில் படாமல் வாழையின் கன்றுகள் வெளிறிக்கொண்டே வந்தன. இன்னும் ரொம்ப நாள் நிழலில் வைத்திருந்தால் பிழைக்காது என்று ஆனபிறகுதான் வாழை வாய் திறந்தது.

"ஓரம் தச்சுக் கொடுத்தா புள்ளைங்கள வெளியில கொண்டுபோய் நிப்பேன். அவசரமில்லை தங்கச்சி. ஆடிக் காத்து போனப்புறம் தச்சாலும் போதும்."

"இன்னிக்கே முடிச்சுடலாங்க்கா" என்றது சிட்டு.

முடிச்சுடலாம் என்றது வாய், அலகு ஒத்துழைக்கவில்லை. நீளமான இலைகள். மடித்து ஓட்டுத் தையல் போட்டு முடிக்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் முழுத் தையல் போலவே இருந்தது. காலையில் வந்து நெருக்கித் தைக்கலாம் என்றுதான் சிட்டு நினைத்தது. ஆனால் முடிந்ததா என்று வாழை கேட்டபோது, முடிந்தது என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

காலையில் அது எழுந்திருக்கவில்லை. மறுநாளும் போகவில்லை.

வாழை கன்றுகளோடு ஆற்றங்கரை வெட்டவெளிக்குப் போய்விட்டது. ஆடியில் இங்கே வந்து நிற்கிறாயே என்று பனை எச்சரித்தது. சிட்டு தைத்த ஓரம், பிசிறு தெரிகிறதா பார் என்று வாழை இலையை விரித்துக் காட்டியது.

காற்று வந்தது. ஒரு முனையில் நூல் விட்டதும் மடிப்பு முழுவதும் பிரிந்துகொண்டது. ஒவ்வோர் இலையும் நடு நரம்பு வரை கிழிந்து தொங்கியது.

செய்தி கேட்டு சிட்டு ஓடி வந்தது. மடிக்க இடமிருக்கிறதா என்று இலை இலையாகப் பார்த்தது. எங்கும் இல்லை. கன்றுகள் அதற்குள் வேர் பிடித்துப் பசுமை ஏறியிருந்தன. இனி அவற்றைப் பிடுங்கிக்கொண்டு திரும்பவும் முடியாது.

"அன்னிக்கு ரொம்ப அசதியா இருந்துச்சா?" என்று வாழை கேட்டது.

சிட்டு தலையாட்டியது.

"சொல்லியிருக்கலாமே. நான் காத்துக்கிட்டிருந்திருப்பேன்."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது சிட்டுக்கு.

வாழையிலை காற்றில் கீற்றுக் கீற்றாகக் கிழிவது அன்றிலிருந்துதான். குருத்து விரியும்போது விளிம்பில் மெல்லிய சிவப்புக் கோடு ஓடுகிறதே, அது சிட்டு போட்ட அந்த ஓட்டுத் தையலின் தடம். சிட்டு இப்போதும் தைக்கிறது. தன் குஞ்சுகளுக்கு ஒரு கூடு, அவ்வளவுதான். எந்த மரத்துக்கும் அது ஓரம் மடிப்பதில்லை.